ஒரே பேர், ரெண்டு பாடம்

"லெப்டொப்பில ஓடுது, சேர்வர்ல ஓடல." ஜாவாவில் ஏதாவது செய்து கிளவுட் சேர்வரில் ஏற்றிப் பார்த்த எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்பாங்க. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்களும் சொன்னோம்.

இறம்பொடைப் பக்கத் தோட்டங்களில் பெரியவங்க பாடுகிற தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, தேடிக் கேட்க ஒரு சின்ன அப்ளிகேஷன் செய்கிறோம். பாடினவங்களோட பேரப்பிள்ளைகள் பலர் கொழும்பில் கடை வேலையில். அவங்க போனிலேயே கேட்கணும் என்றால் அது சேர்வருக்குப் போயே ஆகணும். போனது. தேடலை அழுத்தினதும் சிவப்பெழுத்து: நோ சச் மெதட் எரர்.

அதோட அர்த்தம், கிளாஸ் இருக்கு, ஆனா நீ கூப்பிட்ட மெதட் அதுக்குள்ள இல்லை. பேர் சரி, ஆள் வேற. எங்க அப்ளிகேஷனில் ரெண்டு கருவிகள்: ஒன்று பாட்டைத் தேட, மற்றது ஃபைல்களை வாசிக்க. ரெண்டுமே கூகிளின் குவாவா லைப்ரரியைக் கூடவே கூட்டி வந்திருந்தன. ஒன்று 11ஆம் வேர்ஷன், மற்றது 21. நாங்க கூப்பிட்ட மெதட் 11இல் கிடையாது. ஒரே பேரில் ரெண்டு கிளாஸ் இருந்தால், கிளாஸ்பாத்தில் முதலில் கண்டதை ஜாவா எடுத்துக்கொள்ளும். மற்றதைத் திரும்பியும் பார்க்காது. லைப்ரரி போல்டரை நட்சத்திரக்குறி போட்டு மொத்தமாகக் கொடுத்தால், ஜார் ஃபைல்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. விண்டோஸ் லெப்டொப்பில் 21 முந்தியது. லினக்ஸ் சேர்வரில் 11.

தமிழ்ப் பாடத்தில் பாடபேதம் என்று படிக்கிறோமே, இது கிட்டத்தட்ட அதுதான். 1887இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்தாங்க. ஒரே நூலின் ஏடுகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று ஒப்பிட்டுத்தான் முடிவு செய்யணும்.

நாங்களும் ஒப்பிட்டோம். 'வெர்போஸ் கிளாஸ்' என்ற ஒப்ஷனோடு ஜாவாவை ஓட்டினால், ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரிவரியாகச் சொல்லும். மேவனில் 'டிபெண்டென்சி ட்ரீ' போட்டால் யார் யாரைக் கூட்டி வந்தது என்பது வம்சாவளி மாதிரி விரியும். பழைய குவாவாவை விலக்கி 21ஐ மட்டும் வைத்தோம். பிறகு ரெண்டு கருவிகளும் அதோடு ஒழுங்காக ஓடுதா என்று பார்த்தோம். இதை விடக்கூடாது. புது வேர்ஷன்கள் பழைய மெதட்களை எடுத்துவிடுவதும் உண்டு.

இது எங்களை மாதிரிப் புதுசா வாறவங்களோட தலைவலி மட்டும் இல்லை. ஹடூப் பல வருசம் குவாவா 11ஐயே வைத்திருந்ததால் பெரிய பெரிய எஞ்சினியர்களும் இதே எரரோடு மல்லுக்கட்டினாங்க. 2021 டிசம்பரில் லொக் ஃபோர் ஜே லைப்ரரியில் பாரதூரமான ஓட்டை வெளியானபோது, அது தங்களிடம் இருக்கா என்றே பல நிறுவனங்களுக்குத் தெரியல. அவங்க அதைச் சேர்க்கவில்லை. அவங்க சேர்த்தது அதைச் சேர்த்திருந்தது.

மலையகத்தில் பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தரக் கணிதப் பிரிவு கிடையாது. எங்களில் பலருக்குக் கலைப்பிரிவு விருப்பத் தெரிவு இல்லை, திறந்திருந்த ஒரே கதவு. அதுக்குப் பிறகு "கம்பியூட்டர் எல்லாம் நமக்குச் சரிவராது" என்று நாங்களே சொல்லப் பழகிவிடுகிறோம். ஆனா இந்த எரரைத் தீர்க்கக் கணக்கு ஒன்றும் தேவைப்படல. பொறுமையா வாசிக்கவும் ஒப்பிடவும் தெரிஞ்சால் போதும். கலைப்பீடத்தில் தினமும் செய்றது அதைத்தானே?

தம்பி தங்கச்சிமாரே, சிவப்பெழுத்து வந்தால் பயந்து மூடிடாதீங்க. எந்த கிளாஸ், எந்த ஜார், அதை யார் கூட்டி வந்தது? இந்த மூன்றையும் கேளுங்க. எங்க தேடல் இப்போ சேர்வரில் ஓடுது. அடுத்த வேலை, எழுத்தாக்காமல் கிடக்கிற ஒப்பாரிகள். கைகொடுக்க ஆள் வேணும்.