உளியை வைக்கும் நேரம்

ஒரு பலகையை என்னிடம் நீட்டி, "தட்டிப் பாருங்கள்" என்றார் பெரியவர். மூலையை இரு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறு கையால் தட்டினேன். 'டொக்' என்று அடங்கிவிட்டது. அவர் இன்னொரு பலகையைத் தட்டினார். ஓசை மணிபோல் நீண்டது. இரண்டும் ஒரே மரம்தான். முதலாவதன் தடிமன் மூன்றரை மில்லிமீட்டர், அடுத்ததன் தடிமன் இரண்டு.

ஹொனலூலுவில் ஒரு வீட்டின் கார் கொட்டகைதான் பட்டறை. பெரியவரும், அவரிடம் நான்கு ஆண்டுகளாகத் தொழில் கற்கும் ஓர் இளம்பெண்ணும் மட்டுமே வேலை செய்கிறார்கள். ஹவாயில் மூத்தவர்களை உறவு பாராமல் 'அங்கிள்' என்பது வழக்கம். எனக்கும் அவர் சீக்கிரமே அங்கிள் ஆகிவிட்டார். அன்று மேசையில் இருந்தது ஒரு பாரிட்டோன் யுகுலேலே, சிறிய கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவி.

இந்தக் கருவியின் கதை கரும்புத் தோட்டத்தில் தொடங்குகிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுக்கலின் மதெய்ரா தீவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு வந்தது. அதில் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்கள் இருந்தார்கள். ஊரில் வாசித்த நான்கு தந்திச் சிறு கருவியை அவர்கள் இங்குள்ள கோஆ மரத்தில் செய்தார்கள். ஹவாய் மன்னர் கலாகௌவா அதை அரண்மனைக்குள் அழைத்துக்கொண்டார். பாரிட்டோன் இந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை. 1940களின் இறுதியில் அமெரிக்கப் பெருநிலத்தில் பிறந்தது. உருவத்தில் பெரியது, குரலில் கனமானது. கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகளுக்குரிய சுருதியே இதற்கும்.

கோஆ, நம் வேல மரத்துக்குத் தூரத்து உறவு. ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 1793இல் கேப்டன் வான்கூவர் இங்கே கொண்டுவந்த மாடுகள் பெருகி, காட்டில் முளைத்த கன்றுகளை எல்லாம் மேய்ந்தன. மரம் அருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் இந்தப் பட்டறையில் விரலகலத் துண்டைக்கூட எறிவதில்லை.

பக்கச் சட்டத்தை வளைக்கும் வேலை அந்தப் பெண்ணுடையது. மெல்லிய பட்டையை நனைத்து, சூடேறிய உலோகக் குழாயின்மேல் சாய்த்துப் பிடித்தாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. சற்று நேரம் முரண்டு பிடித்த மரம் திடீரென்று இளகியது. "இந்த நொடியைக் கை உணர வேண்டும். முந்தினால் முறியும், பிந்தினால் கருகும்" என்றாள். முறிந்த பட்டைகள் சுவரோரம் ஒரு கட்டாகக் கிடந்தன. அவையும் அவள் படித்த பாடங்களே.

சில வேலைகளைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். தந்தியின் நீளம் 508 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும்: 28.5 மில்லிமீட்டர். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 254இல் வந்து நிற்கும்.

ஆனால் மேல்பலகையின் அடியில் ஒட்டும் தாங்குசட்டங்களுக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது. விசிறி மடிப்புபோல் ஒட்டிய அந்த மெல்லிய சட்டங்களை உளியால் சீவிச் சீவி இளைக்க வேண்டும். கனமாக விட்டால் கருவி வாய் திறக்காது. அளவு மீறிச் சீவினால் தந்தியின் இழுப்பில் சில ஆண்டுகளில் பலகை குழிந்துவிடும். பலகை தந்தியைத் தாங்கவும் வேண்டும், அதோடு சேர்ந்து அதிரவும் வேண்டும். பெட்டியை மூடிவிட்டால் உள்ளே உளி போகாது.

அவள் சீவினாள், தட்டினாள், காது கொடுத்தாள். மறுபடி சீவினாள். அங்கிள் மறுகோடியில் முதுகைக் காட்டியபடி வேறொரு கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அவர் திரும்பவே இல்லை. ஒரு தட்டலில் ஓசை தெளிந்து நீண்டது. எனக்கே அது கேட்டது. இன்னும் ஒரு சீவல் சீவினால் இன்னும் நீளுமே என்று தோன்றியது. அவள் உளியைக் கீழே வைத்தாள்.

அங்கிள் வந்தார். பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை. பசைப் புட்டியின் மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.