விழுங்கப்பட்ட எச்சரிக்கை

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயக் காம்பராக்கள் மனிதரோடு மண்ணுள் புதைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்ததால் உயிர்பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. இதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லி அமைதிகொள்ள நம்மால் இயலாது. அச்சரிவு ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

கணினிப் பாடம் கற்பிக்கும் நமக்கு, மாணவரின் நிரல்களைத் திருத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

வலைச் செயலியில் கண்ட்ரோலர் என்பது அலுவலக வாயிலில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞரைப் போன்றது. வருபவரின் கோரிக்கையை வாங்கி, உள்ளே உரிய பகுதிக்கு அனுப்பி, விடையைக் கொணர்ந்து தருவது அதன் கடமை. உள்ளே தரவுத்தளம் செயலிழந்தால் ஓர் எக்செப்ஷன் எழுகிறது. வழக்கமான வழியில் மேலே செல்ல முடியாது என்னும் அறிவிப்பு அது. மாணவர் பலர் அதனை ‘கேட்ச்’ என்று பிடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். கண்ட்ரோலரும் வெற்றியைக் குறிக்கும் 200 என்ற எண்ணையே அனுப்பிவிடுகிறது. வீடு கேட்டு விண்ணப்பித்த ஒரு தொழிலாளிப் பெண், மனு சேர்ந்ததென்று நம்பிக் காத்திருப்பாள். மனுவோ எங்குமே பதிவாகியிராது.

“பயனருக்குப் பிழையைக் காட்டலாமா?” என்று மாணவர் கேட்பர். நிரலின் உள்விவரத்தைக் காட்டலாகாது. அது பயனரைக் குழப்பும், தீயோருக்கு வழிகாட்டும். ஆனால் உள்விவரத்தை மறைப்பது வேறு, பிழை நேர்ந்த உண்மையையே மறைப்பது வேறு. மனுவில் குறையிருந்தால் 400; தேடிய பொருள் இல்லையெனில் 404; தவறு நம்முடையதாயின் 500. திருத்த வல்ல இடத்தில் மட்டுமே எக்செப்ஷனைப் பிடிக்க வேண்டும். ஏனையவற்றை மேலே போகவிட்டு, ஒரே பொது இடத்தில் ஏற்க வேண்டும். ஸ்பிரிங் கட்டமைப்பில் ‘கண்ட்ரோலர் அட்வைஸ்’ என்பது இதற்குப் பயன்படுகிறது. அங்கே பிழையை முழுமையாகப் பதிவுசெய்யலாம். பயனருக்கு எளிய சொல்லில் விடையும் அனுப்பலாம்.

எனினும் பதிவேட்டில் எழுதிவிடுவது மட்டும் கையாளுதல் ஆகுமா? மீரியபெத்தவில் எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. வெளியேறுமாறு சொன்னோம் என்றும் அதிகாரிகள் பின்னர் கூறினர். ஆனால் லயமும் சொந்தமில்லாத, நிலமும் சொந்தமில்லாத மக்கள் எங்கே போவது? மாற்று நிலத்தையும் வீட்டையும் உரிய காலத்தில் தரவேண்டிய கை நீளவில்லை.

ஆகவே மாணவரிடம் நாம் கேட்பது ஒன்றே: இந்தப் பிழையைப் படிக்கப்போவது யார்? படித்தபின் செயலாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டா? இவ்விரண்டுக்கும் விடையில்லாத நிரல், எத்தனை பிழைகளைப் பிடித்தாலும், எச்சரிக்கையை விழுங்கும் நிரலே.