வாட்டம்

கேரம் போர்டுக்குக் கால் கிடையாது. கடையில் வாங்கினால் பலகை, காய்கள், ஸ்ட்ரைக்கர், ஒரு பவுடர் பாக்கெட், அவ்வளவுதான் வரும். கால் நம்ம பொறுப்பு. அதனால்தான் நம்ம ஊர் போர்டுகள் எதன் மேலெல்லாமோ நிற்கின்றன: தண்ணி டிரம், கிணத்து உறை, மன்றத்து பெஞ்சு, நாலு செங்கல். தெருவில் இருப்பவை ஆம்பளைங்க நின்றுகொண்டு குனிந்து ஆடும் உயரம். பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளே தரைதான்.

திண்டிவனத்தில் என் அக்கா மகள் அப்படித் தரையில் ஆடிக் கற்றுக்கொண்டவள். வயது பன்னிரண்டு. ரெட்டையும் ஃபாலோவையும் ஒரே கையில் போடுவாள். போன வருடம் விழுப்புரத்தில் ஒரு போட்டிக்குக் கூட்டிவந்தேன். அங்கே ஸ்டாண்டு மேல் போர்டு, எதிரே நாற்காலி. ஆடும்போது இருக்கையை விட்டு எழக்கூடாது. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது மயிலம் தாண்டித்தான் வாயைத் திறந்தாள். "பலகை ஒசரமா இருந்துச்சு மாமா. தோள் தூக்கிக்குச்சு."

அது சாக்கு இல்லை. சம்மணம் போட்டு ஆடும்போது கை மேலிருந்து இறங்குகிறது. நாற்காலியில் முழங்கை பலகை மட்டத்துக்கு வந்துவிடும். விரல் அதேதான், சுண்டுகிற கோணம் வேற. கட் அடிக்கிற காய் ஒரு நூல் தள்ளிப் போகும். 4.45 செ.மீ. அகலமுள்ள குழிக்குள், 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான காய் போகணும் என்றால் அந்த ஒரு நூல் போதும்.

சரி, ஸ்டாண்டு செய்யலாம் என்று அக்காவிடம் சொன்னேன். "கேரம் போர்டுக்குப் போயி ஸ்டாண்டாடா?" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே கேள்விதான். பையன் கிரிக்கெட் பேட் கேட்டபோது யாரும் இப்படிக் கேட்கவில்லை.

கால் மூணு வகையில் கிடைக்கிறது. மடக்குக் கால் மலிவு. இடம் அடைக்காது. ஆனால் நடுவில் இருக்கும் ரிவிட் தேய்ந்ததும் ஆட ஆரம்பிக்கும்; ஒரு பிரேக் அடித்தால் காய்களோடு போர்டும் நகரும். மரக்கால் நன்றாக இருக்கும். ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழையில் அக்கா வீட்டுக்குள்ளும் தண்ணி. கட்டில் காலெல்லாம் ஊறிப்போய், காய்ந்த பிறகு ஒன்று நீளம் ஒன்று குட்டை. ஆக, இரும்புச் சதுரக் குழாய். விழுப்புரத்தில் ஒரு காயலான் கடையில் பழைய மேசை ஒன்றின் நாலு கால்கள் எடைக்குக் கிடைத்தன.

உயரத்துக்கு அவளையே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அளந்தோம். குறுக்குச் சட்டத்தைக் கீழே தள்ளி வைக்கச் சொன்னேன், முட்டி இடிக்கக்கூடாது. வெல்டிங் பட்டறை அண்ணன் நாலையும் ஒரே அளவாக வெட்டித் தந்தார். வீட்டில் கொண்டுபோய் வைத்தால் ஸ்ட்ரைக்கர் தானாக வாசல் பக்கம் உருண்டது.

கால் மேல் தப்பில்லை. தரை அப்படி. கழுவி விட்ட தண்ணி வெளியே ஓடணும் என்று கொத்தனார் கொடுத்த வாட்டம். நம்ம வீடுகள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கின்றன, நாம்தான் கவனிப்பதில்லை.

கணிதத்தில் அழகான ஒரு தேற்றம் உண்டு. மேடு பள்ளமான தரையில், படிக்கட்டு மாதிரி திடீர் வெட்டு இல்லாதவரை, நாலு காலும் சமமான சதுர மேசையை நின்ற இடத்திலேயே கால் வட்டத்துக்குள் திருப்பினால் எங்காவது ஓரிடத்தில் ஆடாமல் நிற்கும். ஆனால் ஆடாமல் நிற்பது வேறு, மட்டமாக இருப்பது வேறு. அந்தத் தேற்றம் மட்டத்துக்கு உத்தரவாதம் தராது.

அமெரிக்காக்காரர்களின் பின்பால் மெஷினுக்கும் நாலு கால்தான். ஆனால் அங்கே பலகை சாய்ந்திருக்கணும், சுமார் ஆறரை டிகிரி. ஒரு மீட்டருக்கு 11 செ.மீ. ஏற்றம். அந்தச் சாய்வு இல்லை என்றால் குண்டு கீழே வராது, ஆட்டமே இல்லை. கால் நுனியில் இருக்கும் திருகைத் திருப்பித்தான் அந்தச் சாய்வைக் கொண்டுவருவார்கள். கேரமில் அதற்கு நேர் எதிர். சாய்வு யாருக்கும் உதவக்கூடாது.

வழி ஒன்றுதான். அதே திருகு. பட்டறை அண்ணன் ஒவ்வொரு காலின் அடியிலும் நட்டு வைத்து வெல்டு பண்ணி, 8 மி.மீ. போல்ட்டைத் தலைகீழாக மாட்டினார். போல்ட்டை ஒரு சுற்றுத் திருப்பினால் கால் 1.25 மி.மீ. உயரும். ரசமட்டத்தை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்து, அக்கா மகளே தரையில் படுத்துத் திருகினாள். வாசல் பக்கக் கால்களுக்கு ஏழு சுற்று, ஒன்றுக்கு மட்டும் இன்னும் அரை. அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தாள். குமிழி நடுவில் வந்து நின்றதும், "இத வெச்சு எங்க கிரைண்டரையும் பாருடீ" என்றாள்.

கேரமின் உலகச் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கியது. இருமுறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடியின் இளவழகி உலகப் பட்டம் வென்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். பெரிய மைதானம் இல்லாத வீதிகளிலிருந்து வந்தவர்கள். இந்த விளையாட்டு கேட்பது ஒரு மட்டமான பலகையும், அதன் எதிரே உட்கார ஓரிடமும்தான். பல வீடுகளில் பலகை கிடைத்துவிடும். அந்த இடத்துக்குத்தான் பெண் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்டாண்டு கூடத்தின் நடுவில் நிற்கிறது. டிவிக்குக் குறுக்கே இருக்கிறது என்று அவள் அப்பா சொல்லிப் பார்த்தார். அக்கா டிவியை நகர்த்தினாள்.