உளுந்து பறித்தவள் வீட்டில் உளுந்து இல்லை

என் தங்கை பெரியவளானபோது எனக்குப் பதினான்கு வயது. செங்கோட்டைப் பக்கம் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டுகிற களி. இடுப்புக்குப் பலம் என்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கருப்பட்டி இருந்தது. நல்லெண்ணெய் அத்தை கொண்டுவந்தாள். உளுந்துதான் இல்லை.

இத்தனைக்கும் அந்த மாதம் முழுக்க அம்மா உளுந்து பறிக்கத்தான் போயிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடுகளுக்கு வேன் வைத்து ஆள் கூட்டிப்போவார்கள். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வீடு வருவாள். செடியைப் பிடுங்கி, காயப்போட்டு, களத்தில் அடித்து, சொளவில் புடைத்து மூட்டையாக்குகிற வரைக்கும் அவள் கைதான். பாட்டி காலத்தில் கூலியைத் தானியமாகவே அளந்தார்கள். சிந்திய நெத்தைப் பொறுக்கிக்கொள்ளவும் விடுவார்கள். அம்மா காலத்தில் எல்லாம் ரூபாயாகிவிட்டது.

அன்றைக்கு அம்மா காட்டுக்காரரிடம் கேட்டாள். "ஒரு படி உளுந்து குடுங்க, கூலியில கழிச்சிக்கிடுங்க."

"யாவாரிக்கு எடை போட்டாச்சு. கடையில வாங்கிக்கோ."

கடையில் கடன் சொல்லி அரைக் கிலோ வாங்கி வந்தாள். தான் பறித்ததைத் தானே கடனுக்கு வாங்கிய அந்த அரைக் கிலோவைப் பற்றித்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பருப்பு விலை பற்றிய விவாதங்களில் இரண்டே பேர்தான் வருவார்கள். ஒருவர் நுகர்வோர், இன்னொருவர் விவசாயி. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நுகர்வோருக்காகப் பேசினார்கள். அந்த விலையைப் பார்த்து அடுத்த பருவத்தில் எல்லோரும் துவரை விதைத்தார்கள். 2016-17இல் நாட்டின் பயறு விளைச்சல் 230 லட்சம் டன்னை எட்டியது. அதே ஆண்டு இறக்குமதியும் 60 லட்சம் டன்னுக்கு மேல். விலை விழுந்தது. குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்திருந்தும், பல சந்தைகளில் 4,000 ரூபாய்க்கே வாங்க ஆள் இல்லை. அப்போது விவசாயிக்காகப் பேசினார்கள். இரண்டு பேச்சும் நியாயமானதுதான். ஆனால் நிலமும் இல்லாமல், வாங்கப் பணமும் இல்லாமல் இருக்கிற என் அம்மா இதில் எந்தப் பக்கம்?

விலை ஏறினால் அவளால் வாங்க முடியாது. விலை விழுந்தால் அடுத்த வருடம் காட்டுக்காரர் மக்காச்சோளத்துக்கு மாறிவிடுவார், பறிக்கிற வேலை போய்விடும். ஏறினாலும் இறங்கினாலும் நட்டம் அவளுக்கே. அவளைப் போன்ற கூலிகளில் எந்தச் சாதியார் அதிகம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உலகத்திலேயே அதிகமாகப் பயறு விளைவிக்கிற நாடு, அதிகமாகச் சாப்பிடுகிற நாடு, அதிகமாக இறக்குமதி செய்கிற நாடு மூன்றும் இந்தியாதான். உளுந்து மியான்மரிலிருந்தும், துவரை மொசாம்பிக்கிலிருந்தும், மஞ்சள் பட்டாணி கனடா, ரஷ்யாவிலிருந்தும் வருகிறது. பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் தண்ணீரும் கொள்முதலும் கொடுத்தது. பயறு வானம் பார்த்த காட்டுக்குத் தள்ளப்பட்டது. 1961இல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் பருப்பு கிடைத்தது. 2011இல் அது 43 கிராம். அதுவும் சராசரிதான். சராசரியில் அக்ரஹாரத்துச் சாம்பாரும் சேரியின் புளித்தண்ணியும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடும்.

பருப்புதான் ஏழையின் இறைச்சி என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். ஏழை உண்மையான இறைச்சியையே, அதிலும் விலை குறைந்த மாட்டிறைச்சியைத் தின்றால் முகம் சுளிக்கிற ஊர் இது. ஒரு புரதத்தை விலை தடுக்கிறது, இன்னொன்றைச் சாதி தடுக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. அதற்கு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2007இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தது. துவரம்பருப்பும் உளுந்தம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைத்தன. எங்கள் தெருவில் வாரத்தில் இரண்டு நாள் சாம்பார் மணத்தது அதற்குப் பிறகுதான். 2017இல் உளுந்தை நிறுத்திவிட்டார்கள். துவரம்பருப்பு மட்டும் கிலோ 30 ரூபாய்க்கு, கார்டுக்கு ஒரு கிலோ, இன்றும் வருகிறது. அதுவும் எல்லா மாதமும் ஒழுங்காக வருவதில்லை. 2024 மே மாதப் பருப்பை ஜூனில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? வெளிச்சந்தையில் வாங்க முடிந்தவருக்கு அது வெறும் ஒரு மாதத் தாமதம். எங்கள் தெருவுக்கு அது ஒரு மாதம் பருப்பில்லாத சோறு.

இப்படித் தள்ளிப்போட முடிவதற்கு ஒரு காரணம், இது சட்டப்படியான உரிமை இல்லை என்பது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியத்துக்குத்தான் உரிமை தருகிறது. ரேஷனில் பருப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. தமிழ்நாட்டில் கிடைப்பது மாநில அரசின் ஆணையால் கிடைக்கிறது. ஆணையை நிறுத்த இன்னோர் ஆணை போதும். உளுந்து போனது அப்படித்தான்.

2025 அக்டோபரில் ஒன்றிய அரசு பயறு தன்னிறைவு இயக்கத்தை அறிவித்தது. 11,440 கோடி ரூபாய். பதிவு செய்த விவசாயிகள் கொண்டுவருகிற துவரை, உளுந்து, மைசூர் பருப்பு முழுவதையும் நான்கு ஆண்டுகளுக்கு ஆதரவு விலையில் வாங்குவோம் என்கிறார்கள். நல்லது. ஆனால் பதிவு செய்யப் பட்டா வேண்டுமே. வாய்மொழிக் குத்தகைக்கு உளுந்து போடுகிற எங்கள் சனம் எதைக் காட்டும்? சென்னை மாகாணத்தில் 1892இல் பஞ்சமி நிலம் என்றாவது ஒன்று ஒதுக்கப்பட்டது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். மீட்டுக் கேட்பதற்கு அந்தப் பழைய காகிதம்கூட எங்களுக்கு இல்லை.

படிக்கிற தம்பி தங்கைகளிடம் சில வேலைகள் கேட்கிறேன். உங்கள் தெரு ரேஷன் கடைப் பலகையில் பருப்பு இருப்பு எவ்வளவு எழுதியிருக்கிறது என்று மாதாமாதம் பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். வாங்காத பொருளுக்கு அம்மாவின் போனில் குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள், அது ஆதாரம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ரேஷன் கடைகளுக்குச் சமூகத் தணிக்கை நடத்தச் சொல்கிறது. அது உங்கள் ஊரில் நடந்ததா என்று கிராம சபையில் கேளுங்கள். பருப்பைச் சட்டத்தில் சேர்க்கவும், நிறுத்திய உளுந்தைத் திரும்பக் கொடுக்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தங்கை மகள் பெரியவளானாள். உளுந்து வாங்கக் கடைக்குப் போனது நான்தான். கையில் காசு இருந்தது, கடன் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "இது நம்ம பக்கத்து உளுந்து இல்லய்யா" என்றாள். பறித்துப் பறித்துப் பழகிய கை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

அன்று வாங்க முடிந்தது எனக்குச் சம்பளம் வந்ததால். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் களி கிடைக்க வேண்டுமென்றால், அது எவர் சம்பளத்தையும் நம்பி இருக்கக் கூடாது.

ஜெய் பீம்.