24 புளியங்கொட்டைகள்

அன்புள்ள அங்கன்வாடி டீச்சருக்கு,

நேரில் வந்து நன்றி சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நம் குமரிக் கடற்கரையில் நாலு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் மற்ற அம்மாமாரும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

2025 மே 24 அன்று, விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் நடுக்கடலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் காலையில் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியே போனது. சில நாளில் கேரளக் கரையெல்லாம் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. நம் மணலுக்கும் வந்தது, ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக. பெரியவர்கள் மீன் விற்குமா, வள்ளம் இறக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்கு வேறு கேள்வி. கப்பல் ஏன் முங்கிச்சு? உள்ளே இருந்த ஆளுக எங்கே?

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது. 2017 நவம்பரில் கடலுக்குப் போன என் அண்ணன் ஒக்கிப் புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கடல் ஆபத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் என் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். என் மகள் சாப்பாட்டுத் தட்டில் கிண்ணத்தைக் கவிழ்த்து, "கப்பல் போச்சு, எல்லாரும் முங்கியாச்சு" என்று கத்தியபோது, அம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "நல்ல வார்த்தை பேசு மக்ளே" என்றாள்.

நீங்கள் யார் வாயையும் பொத்தவில்லை, டீச்சர். முற்றத்தில் அந்த நீல பேசினில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டீர்கள்.

மகளைக் கூப்பிட வந்த ஒரு நாள் வாசல் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ்கிரீம் டப்பாதான் கப்பல். பாட்டில் மூடிகள் கண்டெய்னர். ஒரு பையன் மூடிகளையெல்லாம் ஒரே ஓரமாக அடுக்கினான். டப்பா மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது, விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறியது, ஒரே கூச்சல். நீங்கள் விளக்கம் சொல்லப் போகவில்லை. "ஏன் சரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தீர்கள். என் மகள் இரண்டு மூடிகளை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தாள். கப்பல் நிமிர்ந்தது. தன் கையையே அவள் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

இன்னொரு நாள் உங்கள் போனில் வாசா கப்பலின் படத்தைக் காட்டியிருக்கிறீர்கள். சுவீடன் ராஜா கட்டச் சொன்ன போர்க்கப்பல். 64 பீரங்கி. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் கவிழ்ந்துவிட்டது. 1961இல் அதை அப்படியே வெளியே எடுத்து, இப்போது மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து வந்த தன் அப்பாவிடம் என் மகள் சொன்னாள்: "அதுல மேல பாரம் கூடிப்போச்சுப்பா. அடியில கல்லு காணாது." பதினைந்து வயதில் கடலுக்குப் போகத் தொடங்கிய மனுஷன், சோறு பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது, வலையை எங்கே அடுக்குவது என்று தொழில் பேசினார்கள்.

ஆனாலும் நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் அந்தப் புளியங்கொட்டைகள்தான்.

எல்சா கப்பலில் 24 பேர் இருந்தார்கள். 21 பேரைக் கடலோரக் காவல்படை மீட்டது. கப்பலைக் காப்பாற்ற முடியுமா என்று கேப்டனும் இரண்டு என்ஜினியர்களும் ராத்திரி முழுக்க அதிலேயே இருந்தார்கள். காலையில் அந்த மூன்று பேரையும் ஐஎன்எஸ் சுஜாதா என்ற கடற்படைக் கப்பல் ஏற்றிக்கொண்டது. இதையெல்லாம் கதையாகச் சொல்லிவிட்டு, 24 புளியங்கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டீர்கள். கப்பல் கவிழும்போது பிள்ளைகள் அவற்றை அள்ளி எடுத்துத் தேங்காய்ச் சிரட்டைக்கு மாற்ற வேண்டும். சிரட்டைதான் மீட்புப் படகு. முடிந்ததும் எண்ண வேண்டும்.

அன்று 23தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் நேரம் ஆகிவிட்டது. ஆயா பாயைச் சுருட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் மடியிலிருந்து இன்னொரு கொட்டையைப் போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். நீங்கள் "ஒருத்தர் இன்னும் கடல்ல இருக்காரு" என்று சொல்லிக் குனிந்து தேடத் தொடங்கினீர்கள். பிள்ளைகளும் தேடினார்கள். பேசினைச் சரித்து, வாழை மூட்டில் துழாவி, கடைசியில் ஒரு குட்டிப் பெண் தன் பாவாடை மடிப்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

டீச்சர், ஒக்கியின்போது எங்களுக்கு அந்த எண்ணிக்கை முடியவே இல்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று பட்டியல் எழுதுவதும் அடிப்பதுமாக நாட்கள் போயின. ஒருவர் குறைந்தாலும் தேட வேண்டும் என்பதை நாலு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம் ஊரில் வளர்கிறார்கள். அதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

இந்தக் கப்பல் விளையாட்டைக் கேள்விப்பட்டு என் அம்மா உங்களிடம் சண்டை போடத்தான் வந்தாள். நீங்கள் அவளை உட்காரவைத்து, "பிள்ளைங்க பயந்ததைத்தான் அம்மா விளையாடுவாங்க. விளையாட விட்டா பயம் சின்னதாகும்" என்றீர்களாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் சிரட்டை நாலைந்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டது அவள்தான். சில நாளாகப் பேத்தியிடம் மாமா எப்படி வள்ளம் தள்ளுவான் என்று சொல்லிக்கொடுக்கிறாள். இத்தனை வருஷத்தில் அண்ணனைப் பற்றி அவள் வாய் திறந்து பேசிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அங்கன்வாடியில என்ன, விளையாட்டுதானே" என்று சொல்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. என் மூத்தவன் எல்கேஜி படித்தது ஒரு தனியார் பள்ளியில். அங்கே கப்பல் என்றால் "எஸ் ஃபார் ஷிப்" என்று அச்சடித்த ஒரு தாள். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிக்க வேண்டும். அதில் கப்பல் மிதப்பதும் இல்லை, சாய்வதும் இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தாளைவிட ஒரு பேசின் தண்ணீர்தான் பெரிய பாடம் என்று இப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

கரையில் ஒதுங்கிய குருணையைப் பிள்ளைகளைத் தொட விடாமல், மணலில் ஜவ்வரிசியைக் கலந்து அரிப்பால் சலிக்கவைத்தீர்களே, அதையும் சொல்ல வேண்டும். மீன் இந்தக் குருணையை முட்டை என்று நினைத்துத் தின்றுவிடும் என்று என் மகள் கரையில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வருகிற திங்கள்கிழமை அவள் அப்பா கரையில் இருப்பார். பழைய வலை மிதவைகள் கொஞ்சம், ஒரு துண்டு வடம், ஒரு லைஃப் ஜாக்கெட் கொண்டுவருகிறோம். ஜாக்கெட் பெரியவர்கள் போடுவது. வாரைச் சுருக்கித் தைத்துத் தருகிறேன். முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கவும் அவர் தயார், நீங்கள் அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால் போதும்.


உங்கள் அங்கன்வாடிப் பிள்ளை ஒருத்தியின் அம்மா