குளிர்முனை

பத்தாண்டுகளுக்கு முன்பு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு நான் குடிவந்த முதல் ஜூன் மாதம். "வெள்ளிக்கிழமை பிற்பகலில் வலுவான குளிர்முனை ஒன்று தென்மேற்குக் கரையைக் கடக்கும்; 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும்" என்று வானொலி அறிவித்தது. கொடியில் கிடந்த துணிகள் உலராதே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கவலை. வேலிக்கு அப்பால் நின்ற அண்டை வீட்டு முதியவரிடம், "வானிலை மோசமாகப் போகிறதாம்" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "மழை வரப்போகிறது என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

நகருக்குக் கிழக்கே, கோதுமை வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகள் பயிர் செய்தவர் அவர். முதுமையில் நிலத்தை விற்றுவிட்டு நகருக்கு வந்திருந்தார். ஆனாலும் வேலிக்கம்பத்தில் ஒரு மழைமானியைப் பொருத்தி, நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு அளவைக் குறித்து வைப்பதை விடவில்லை.

குளிர்முனை என்ற சொல் போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆய்வு செய்த பியர்க்னஸ் குழுவினர், இருவேறு காற்றுத்திரள்கள் மோதும் எல்லைக்குப் போர்முனையை ஒப்பிட்டு இப்பெயரிட்டனர். கனத்த குளிர்காற்று, இலேசான வெப்பக்காற்றின் அடியில் ஆப்புப்போல நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. மேலேறிய காற்று குளிர்ந்து மேகமாகி மழையாகப் பொழிகிறது. பெர்த்தின் கோடை வறண்டது. ஆண்டு மழையின் பெரும்பகுதியை மே முதல் ஆகஸ்ட் வரை தெற்குக் கடலின் பக்கமிருந்து வரும் இந்த முனைகளே கொண்டுசேர்க்கின்றன. இம்மண்ணின் தொல்குடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஜூன், ஜூலை மாதங்களின் குளிர்மழைக் காலத்தை 'மகுரு' என்கிறார்கள். நமக்கும் பெரும்பொழுதுகள் ஆறு என்பதை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை முதியவர் தம் தொழிலைப் பற்றிப் பேசினார். முன்பெல்லாம் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ முதல் மழையைக் கண்ட பிறகே விதைப்பார்களாம். இப்போது மழை பிந்துவதால் பலர் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்றார். நான் திடுக்கிட்டேன். அதை எங்கள் ஊரில் புழுதி விதைப்பு என்போம்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் மானாவாரிக் கிராமம் ஒன்று எனது ஊர். ஆவணியில் புழுதியில் நெல்லைத் தூவிவிட்டு ஐப்பசி மழைக்காக வானம் பார்த்திருப்போம். ஓராண்டு புரட்டாசியில் ஒரே ஒரு தூறல் விழுந்தது. அதை நம்பி முளைத்த விதைகள் அடுத்த மூன்று வார வெயிலில் கருகின. மறுவிதைப்புக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அந்த நாட்களில் மாநிலச் செய்தியின் முடிவில் மழையளவு வாசிக்கும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. அப்பா வானொலிப்பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், மழையறிவிப்பைக் கேட்டு வானிலை மோசம் என்று சொல்லியிருக்கிறேன். குழாயைத் திறந்தால் நீர் வரும் வாழ்க்கை எவ்வளவு விரைவில் மனிதனை மாற்றிவிடுகிறது!

அந்தக் குழாய்நீருக்கும் ஒரு கதை உண்டு. 1970 முதல் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் மே முதல் ஜூலை வரையிலான மழை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்துவிட்டது. புவி வெப்பமடைவதன் ஒரு விளைவாக, புயல்கள் செல்லும் தடம் தென்துருவத்தை நோக்கி நகர்ந்திருப்பதால் பல முனைகள் கரையைத் தொடாமலே தெற்கே கடந்துவிடுகின்றன. மழையில் குறைந்ததைவிடப் பன்மடங்கு அணைகளின் நீர்வரத்தில் குறைந்தது. வறண்ட மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதானே ஓடையில் நீரை விடும்? 2006இல் குவினானாவிலும் 2011இல் பின்னிங்கப் அருகிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. நகரம் கடலைக் குடித்துத் தப்பித்துக்கொண்டது. கோதுமைக்கு அந்த வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலே வடமேற்குக் காற்று வேகமாக வீசியது. மூன்று மணிக்கு மேல் மேற்கு வானம் கறுத்தது. சட்டென்று காற்று தென்மேற்காகத் திரும்பியது. குளிர் இறங்கியது. கூரை அதிர மழை கொட்டியது. துணிகளை நான் எடுக்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு முதியவர் வேலியோரம் என்னை அழைத்து, மழைமானியை என்னையே பார்க்கச் சொன்னார். 24 மில்லிமீட்டர். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய தந்தை தொடங்கிய வழக்கமாம் அது. பழைய ஏடுகளைப் புரட்டிக் காட்டினார். தந்தையின் கையெழுத்தில் இருந்த ஜூன் பக்கங்களில் எண்கள் நெருக்கமாக நின்றன. அவருடைய கையெழுத்துக்கு வரவர இடைவெளிகள் கூடின. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"உங்கள் தந்தை எதில் அளப்பார்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவிடம் மழைமானி இருந்ததில்லை. மழை விட்டதும் வயலில் இறங்கி, ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதென்று விரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்பதே அவர் கணக்கு. அதை விளக்கிச் சொன்னேன். முதியவர் குனிந்து, தம் தோட்டத்து ஈரமண்ணில் விரலை விட்டார்.

"இது எவ்வளவு?"

நானும் குனிந்து பார்த்தேன். "ஓர் உழவுக்குக் காணும்" என்றேன்.