எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

எமது கல்லூரிக் கணித மன்றத்தார் சென்ற தவணையிலே ஆண்டு மலர் ஒன்றை வெளியிட முனைந்தனர். கணிதமும் தமிழும் ஆசிரியர் அறையின் இரு கோடிகளில் வீற்றிருப்பன. எனினும், மலரின் தமிழைத் திருத்தித் தருமாறு கணித ஆசிரிய நண்பர் கையெழுத்துப் பிரதிகளை எம்மிடமே ஒப்படைத்தார். கணக்கில் எமது ஆற்றல் சந்தைக் கணக்கோடு முடிந்துவிடுவது. ஆயினும் ஒற்றுப்பிழை எத்துறையிலும் ஒற்றுப்பிழையே ஆதலின், சிவப்புப் பேனையை எடுத்தோம்.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எம்மி நோதர் என்னும் ஜேர்மானியக் கணித மேதையைப் பற்றி நான்கு பக்கங்கள் எழுதியிருந்தாள். தெளிவான நடை. நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: "1933 ஆம் ஆண்டில் அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி அமெரிக்கா சென்றார்." எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, திணை, பால், எண், இடம் யாவும் இயைந்துள்ளன. இலக்கணத்தில் எவ்விதக் குறையுமில்லை. ஆயினும் பேனை அவ்விடத்திலே நின்றுவிட்டது. மறுநாள் அவளை அழைத்து, "ஏன் பிள்ளை போனவ?" என்று கேட்டோம்.

"புத்தகத்தில அப்பிடித்தான் சேர் கிடக்குது" என்றாள்.

அவள் மீது குற்றமில்லை. நாமும் அந்த வாக்கியத்தை எத்தனையோ இடங்களில் வாசித்துக் கடந்து சென்றவர்கள்தாம். நண்பரிடமிருந்த நூல்களை இரவல் வாங்கி, இரண்டு வாரம் மாலைப் பொழுதுகளை அந்த ஒரு வாக்கியத்தோடு கழித்தோம்.

பல்கலைக்கழகத் துறையொன்றின் ஓராண்டுச் செய்தி எத்தகையது என்பது யாவரும் அறிந்ததே. இன்னார் ஓய்வு பெற்றார்; இன்னார் தலைமைப் பொறுப்பேற்றார்; இன்னார் வெளிநாடு சென்றார். அச்சிலே தம் பெயர் வந்தோர் மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்து மூடி வைப்பர். கோட்டிங்கன் கணித நிறுவகத்தின் 1933 ஆம் ஆண்டுச் செய்தியையும் இதே வினைச்சொற்களைக் கொண்டு எழுதி முடித்துவிடலாம். எழுதினால், பொய்யென்று சுட்டத்தக்க சொல் ஒன்றேனும் அதில் இராது.

கவுஸ், றீமான், கிளைன், ஹில்பேர்ட் ஆகியோர் வழிவழியாகக் கற்பித்த இடம் அது. கணிதம் பயில விரும்பிய உலகத்து இளைஞர் பலரின் கனவு அந்தச் சிறு நகரமாகவே இருந்தது. 1929 டிசம்பரிலே றொக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு நிறுவகத்துக்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதனை முன்னின்று எழுப்பியவர் பணிப்பாளர் றிச்சர்ட் கூரான்ட். முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்காகப் போரிட்டுக் காயமுற்றவர்.

1933 ஜனவரி 30 ஆம் நாள் ஹிட்லர் பிரதமரானார். ஏப்ரல் 7 ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. அதன் பெயர் 'தொழின்முறை அரசாங்க சேவையை மீளமைப்பதற்கான சட்டம்' என்பதாகும். மீளமைத்தல்! சட்டங்களின் பெயர்கள் எந்த நாட்டிலும் அழகியனவே. யூதரையும் அரசியலில் நம்பத்தகாதவர் எனக் கருதப்பட்டோரையும் அரச பதவிகளிலிருந்து அகற்றுவதே அச்சட்டத்தின் உட்பொருள். 1914 ஆகஸ்டுக்கு முன்னரே பதவியேற்ற யூதருக்கும், போர்முனையில் நின்றோருக்கும் விலக்கு உண்டென அது கூறிற்று.

அவ்விலக்கைப் பெற்றிருந்தவர்களுள் ஒருவர் பௌதிகப் பேராசிரியர் ஜேம்ஸ் பிராங்க். 1925 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தமக்கு மட்டும் கிடைத்த சலுகையை அவர் ஏற்கவில்லை. ஏப்ரல் 17 ஆம் நாள் பதவியைத் துறந்து, காரணத்தையும் வெளிப்படையாக அறிவித்தார். ஒரு வாரத்துக்குள் அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் 42 பேர் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விடுத்தனர். பிராங்கின் செயல் நாட்டுக்கு இழைத்த நாசவேலை என்பது அதன் சாரம். 42 பேர்! ஆணை வந்து அச்சுறுத்தியதன் பின் ஒப்பமிட்டவர்களல்லர், முந்திக்கொண்டவர்கள்.

அடுத்த நாள்களிலே உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பெயர்ப்பட்டியல் வெளிவந்தது. கூரான்ட், நோதர், பேர்ன்ஸ்டைன், பௌதிகத்தில் மாக்ஸ் போர்ன் முதலியோர் அதில் இருந்தனர். பதவி நீக்கம் என்ற சொல் அங்கே இல்லை. 'விடுமுறையில் அனுப்பப்பட்டனர்' என்றே இருந்தது. ஆசிரியத் தொழிலில் லீவு என்ற சொல்லைப் போல் இனியது வேறொன்றில்லை. அச்சொல்லையே அவர்கள் ஆயுதமாக்கினர். அனுப்பப்பட்டனர் என்பது செயப்பாட்டுவினை. செய்தவனை மறைத்துக்கொண்டே ஒரு செயலை முழுமையாகச் சொல்லிவிடக்கூடிய வினை அது. மாணவருக்கு இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றோம். அதன் பயனை இவ்வளவு காலமும் அறியாதிருந்தோம்.

பேர்ன்ஸ்டைனைப் பற்றி இங்கே சில சொற்கள் கூறவேண்டும். கோட்டிங்கனில் கணிதப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தை நிறுவி நடத்தியவர் அவர். மனிதரின் குருதி வகைகள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு இறங்கி வருகின்றன என்ற வினாவுக்கு, 1920களின் நடுப்பகுதியில் எண்களைக் கொண்டே விடை கண்டார். வெவ்வேறு மக்களிடையே ஏ, பி, ஓ வகைகள் எவ்வெவ்விகிதத்தில் உள்ளன என்ற தரவுகளைக் கணக்கிட்டு, ஒரே இடத்துக்குரிய மூன்று பரம்பரையலகுகளே அவற்றுக்கு அடிப்படை எனக் காட்டினார். இன்றைய உயிரியல் பாடநூல்களில் எமது மாணவர் கற்பது அதையேதான். குருதியைப் பற்றி அந்த நாட்டிலே உண்மையாக ஏதேனும் அறிந்திருந்த சிலருள் ஒருவர், குருதியின் பேராலே வெளியேற்றப்பட்டார்! அப்பொழுது அவர் அமெரிக்காவிலே தங்கியிருந்தார். திரும்பிவரப் பதவி இருக்கவில்லை.

மே 10 ஆம் நாள் கோட்டிங்கன் மாணவர் நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். 1981 இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை அறிந்த வாசகர்க்கு அதனை விரித்துரைத்தல் வேண்டா.

எதிர்த்தோர் இல்லாமலில்லை. கூரான்டுக்காக வரையப்பட்ட விண்ணப்பத்தில் 28 அறிஞர் ஒப்பமிட்டனர். நோதருக்காக 14 பேர் நற்சாட்சிக் கடிதங்கள் எழுதினர். ஓட்டோ நொய்கபவர் என்பவரைத் தற்காலிகப் பணிப்பாளராக்கியபோது, அரசுக்கு விசுவாச உறுதிமொழி எழுதித்தர அவர் மறுத்துவிட்டார். அப்பதவியில் அவர் இருந்தது ஒரே ஒரு நாள். அதன்பின் பொறுப்பேற்ற ஹேர்மன் வைல், கோடை முழுதும் கடிதங்களும் நேர்முகங்களுமாக அலைந்தார். அவருடைய மனைவியும் யூத வழியினரே. இலையுதிர் காலத்தில் அவரும் பிறின்ஸ்டனுக்குச் சென்றார். (சென்றார் என்றே எமது பேனையும் எழுதிவிடுகிறது, பாருங்கள்.)

நோதரோ தமது வீட்டிலேயே மாணவரைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தினார். அவ்வீட்டுக்குப் பழுப்புச் சீருடையணிந்தே வந்த மாணவரும் உண்டென்பர்; அதனை அவர் பொருட்படுத்தவில்லையாம். பெண் என்பதனால் 1919 வரை தம் பெயரில் விரிவுரை நிகழ்த்தும் உரிமைகூட அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. புதிய அட்சரகணிதத்தை உருவாக்கிய பின்னரும் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. சமத்துவம் பேசிய பல்கலைக்கழகமே பதினான்கு ஆண்டுகள் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த ஒருவரை, பாசிசம் எளிதாகத் தள்ளிவிட்டது. அமெரிக்காவின் பிறின் மோர் மகளிர் கல்லூரியில் ஒன்றரை ஆண்டுகள் கற்பித்தார். 1935 ஏப்ரலில், சத்திரசிகிச்சையின் பின், 53 ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய தம்பி பிறிற்ஸ் நோதரும் கணிதப் பேராசிரியரே. பதவியிழந்த அவர் சோவியத் நாட்டை நம்பி, சைபீரியாவின் தொம்ஸ்க் நகருக்குச் சென்று கற்பித்தார். 1937 இல் உளவாளியெனக் கைதாகி, 1941 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று சோவியத் உச்ச நீதிமன்றம் அறிவித்தது 1988 இல். இதனைக் கூறாது விட்டால் கட்டுரை எமக்கு வசதியாகவே இருக்கும். ஆனால், மாணவியின் வாக்கியத்தில் சிவப்புக் கோடிட்ட பேனையால் அதனைச் செய்வது எங்ஙனம்?

நிற்க. எம்மை உறங்கவிடாது செய்த நிகழ்ச்சி நவம்பரிலே நடந்தது.

எட்மன்ட் லாண்டவ் 1909 முதல் அங்கே பேராசிரியர். ஆதலின் சட்டத்தின் விலக்கு அவருக்கு இருந்தது. 1930 இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூல், ஐந்து வெளிப்படையுண்மைகளில் தொடங்கி, 73 வரைவிலக்கணங்களையும் 301 தேற்றங்களையும் கொண்டு, எண் என்பது யாது என நிறுவிச் செல்வது. அலங்காரமாக ஒரு சொல்லும் அதில் இல்லை என்று நண்பர் வியந்து கூறினார். கோடைத் தவணையில் விரிவுரை நிகழ்த்த வேண்டா எனக் கேட்கப்பட்டு அவர் ஒதுங்கியிருந்தார். நவம்பர் 2 ஆம் நாள் முதலாண்டு மாணவருக்கு நுண்கணிதம் கற்பிக்க மீண்டும் வந்தார். முன்மண்டபத்தில் எண்பது நூறு மாணவர் நின்றனர், அவருக்கு வழிவிட்டனர். விரிவுரை மண்டபத்தின் உள்ளே ஒரே ஒருவர். வாயிலிலே சீருடைக் காவல்.

லாண்டவ் தம் அறைக்குத் திரும்பினார். புறக்கணிப்பை நடத்திய மாணவன் அங்கே வந்து விளக்கம் கூறினான். பெயர் ஒஸ்வால்ட் டைக்மியூலர்; வயது இருபது. லாண்டவ் சினந்து விரட்டவில்லை. சொன்னவற்றை எழுதித் தருமாறு கேட்டார். அவனும் எழுதிக் கொடுத்தான். ஆசிரியரின் புலமையை அவன் மறுக்கவில்லை. முதிர்ந்த மாணவருக்கு அவர் மேல்விரிவுரைகள் நிகழ்த்தலாம். ஆனால் தொடக்க நிலையிலுள்ள ஜேர்மானிய இளைஞரின் உள்ளத்தை வேற்றினத்தவர் ஒருவர் உருவாக்கலாகாது என்பது அவன் வாதம். அக்கடிதத்தையும் இணைத்து, லாண்டவ் தம்மை ஓய்வுபெற அனுமதிக்குமாறு அமைச்சுக்கு எழுதினார். ஆண்டறிக்கையில் 'ஓய்வு பெற்றார்' என்று வந்திருக்கக்கூடியது இதுவே.

அடுத்த ஆண்டில் பேர்லின் பேராசிரியர் லூட்விக் பீபர்பாக் அம்மாணவரை மேடையிலே பாராட்டினார். பை என்னும் எண்ணை வட்டத்தைக் கொண்டு விளக்காமல், கோசைன் சார்பு பூச்சியமாகும் இடத்தைக் கொண்டு லாண்டவ் வரையறுத்தது ஜேர்மானிய இயல்புக்கு ஒவ்வாததாம்! இங்கிலாந்திலிருந்து ஹார்டி 1934 இல் 'நேச்சர்' இதழிலே இதற்கு மறுப்பெழுதினார். எமது இராமானுசனை உலகறியச் செய்த அதே ஹார்டிதான்.

டைக்மியூலர் மூடனாயிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கெட்டிக்காரன். 1943 இல் கிழக்குப் போர்முனையில் மடிவதற்குள் அவன் படைத்த கணிதம் இன்றும் அவன் பெயராலேயே வழங்குகிறது. நாம் பரிசளிப்பு விழாக்களில் மேடைக்கு அழைத்துக் கைதட்டுவது அத்தகைய பிள்ளைகளைத்தான். புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்துகின்றோம். முதலாம் பிள்ளையை மற்றவர்க்கு எடுத்துக்காட்டுகின்றோம். வாயிலில் நிற்கும் தோழரைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று பதினொரு ஆண்டு ஆசிரியத் தொழிலில் நாம் ஒருமுறையேனும் கேட்டதாக நினைவில்லை.

பின்னாளில் ஒரு விருந்திலே, யூதரின் பிடியிலிருந்து விடுபட்ட கோட்டிங்கனில் கணிதம் எப்படியிருக்கிறது என்று கல்வியமைச்சர் ருஸ்ட் முதிய ஹில்பேர்ட்டிடம் வினவினாராம். அங்கே இப்போது கணிதமே இல்லை என்றாராம் கிழவர். இக்கதை பல வடிவங்களில் வழங்குகின்றது. நண்பர் இதைச் சொல்லி மகிழ்வார். எமக்கோ மகிழ்ச்சியில்லை. விடை கூர்மையானது, ஆனால் மண்டபம் அதற்குள் காலியாகிவிட்டிருந்தது.

மாணவியிடம் பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த வாக்கியத்தின் கீழ் ஒரு கோடும், ஓரத்தில் 'யார்?' என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருந்தன. நான்கு நாள்களின் பின் கொண்டுவந்தாள். ஒரு வாக்கியம் ஒன்றேகாற் பக்கமாக விரிந்திருந்தது. சட்டத்தின் பெயர், நாள், 42 பேர், 14 பேர், தம்பியின் கதை யாவும் இருந்தன.

"இது கணிதக் கட்டுரையோ, சரித்திரக் கட்டுரையோ?" என்று நண்பர் தலையைச் சொறிந்தார். பக்கம் கூடினால் செலவும் கூடும் என்றார் அச்சகத்தார். ஈற்றில், நகைமாளிகை விளம்பரம் ஒன்றை அரைப் பக்கமாகக் குறைத்தும், எமது வாழ்த்துச் செய்தியை முற்றாக நீக்கியும் இடம் கண்டோம். அவள் எழுதியதில் ஒற்றுப்பிழை மூன்று. அவற்றை மட்டும் திருத்தினோம்.